பை வைத்த கதிரை

மாத்தறை
13.07.2025

தர்ஷி,

நீ என்னை வட்ஸ்அப்பில புளொக் பண்ணிட்டாய். கோல் எடுத்தா ஒரு பொம்புள மூண்டு பாஷையில ஏலாது எண்டு சொல்றா. சரி, தபால்காரரை உன்னால புளொக் பண்ண ஏலாதுதானே. முத்திரை ஒட்டி அனுப்புறன். கிழிக்கிறதெண்டா கிழி, ஆனா கிழிக்க முதல் ஒருக்கா வாசி.

நான் நல்லாத்தான் இருக்கன். போர்டிங் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை, கதவு பூட்டுப்படாத ஒரு அலுமாரி. பக்கத்து அறையில ரெண்டு புள்ளைகள், சிங்களம். கண்டா சிரிப்பாங்க, நானும் சிரிப்பன், அதோட கதை முடிஞ்சிரும். சில நாளைக்குச் சிரிச்சே வாய் நோகுது புள்ள.

பாடம் முழுக்க இங்கிலீஷ். குலசிங்கம் சேர் எங்களுக்குப் படிப்பிச்ச இங்கிலீஷ் நேர்முகப் பரீட்சைக்குத்தானே. 'என்ர பேர் ரிப்கா, ஊர் கிண்ணியா, எனக்கு மூண்டு சகோதரங்கள்' எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். இங்க வந்து இவ்வளவு நாளாகியும் எனக்கு எத்தனை சகோதரம் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மீன்பிடி விஞ்ஞானம் எண்டு ஆசையா வந்தன். வாப்பா பிடிச்சு உம்மா பொரிச்சு நான் திண்ட சூடை மீனுக்குத் திரையில ஒரு பேர் போடுறாங்க, அதை எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மீன் வந்திரும்.

நேத்து மேல்வருஷப் புள்ளை ஒருத்தி நீ எங்க படிச்சனீ எண்டு கேட்டா. சங்கக்கடையில எண்டு சொல்ல வந்து முழிச்சன். பாலையூற்றில பழைய கூட்டுறவுக் கடைக்குள்ள பின்னேர வகுப்பு, துறைமுகத்தில மூட்டை தூக்கிறவங்கட, மீன்பிடிக்கிறவங்கட புள்ளைகளை ஏ.எல். எடுக்க வைச்சு, கெம்பஸுக்கோ ஒரு வேலைக்கோ கொண்டுபோய் விடுற இடம் எண்டு இங்கிலீஷில என்னெண்டு சொல்றது? சோடியைப் பத்தியும் சொல்லப் பார்த்தன். கிண்ணியாப் பக்கத்துப் புள்ளைக்கு டவுன் பக்கத்துப் புள்ளை சோடி, ஒருத்தி வராட்டி மத்தவ அந்தக் கதிரையில தன்ர பையை வைக்கோணும், வகுப்பு முடிஞ்சதும் வீட்டுக்குத் தேடிப் போகோணும், போகாட்டி அடுத்த நாள் சேர் உள்ள விடமாட்டார். அவ்வளவையும் கையாலயும் கண்ணாலயும் சொன்னன். அவ பாவம் தலையாட்டினா.

மண்டபத்தில கடைசிக்கு முதல் வரிசையில இருக்கன். பக்கத்துக் கதிரையில பையை வைச்சிருக்கன்.

இங்க கடல் எப்பவும் கத்திக்கொண்டே கிடக்கு. எங்கட குடாக்கடல் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது.

ரெண்டு வரி எண்டாலும் எழுது. கோவத்தோட எண்டாலும் எழுது.

ரிப்கா


பாலையூற்று
26.07.2025

ரிப்கா,

அன்புள்ள எண்டு போட மனம் வரேல்லை, அதால போடேல்லை.

கிழிக்கேல்லை, வாசிச்சனான். அம்மா ஆரிட்ட இருந்து கடிதம் எண்டு கேட்டவ. ரிப்கா எண்டன். "அவளுக்கென்ன, படிக்கிற பிள்ளை" எண்டிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா பார், அந்தப் பார்வைக்கே உனக்குப் பதில் எழுதக்கூடாது எண்டு இருந்தனான்.

ஏன் புளொக் பண்ணினனான் எண்டு உனக்கு உண்மையாத் தெரியாதோ? நீ வெளிக்கிட்ட அண்டைக்கு பஸ் ஸ்ராண்டில உன்ர உம்மா, வாப்பா, குலசிங்கம் சேர், சங்கக்கடைப் பிள்ளையள் அவ்வளவு பேரும் நிக்கினம். நீ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, முழு ஸ்ராண்டுக்கும் கேக்க, "உனக்கு அங்க ஒரு கதிரை பிடிச்சு வைக்கிறன், அடுத்த வருஷம் வா" எண்டாய். எல்லாரும் கை தட்டிச்சினம். ரெண்டாம் தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கீழ நிண்டவளுக்கு முன்னால நிண்டு கை தட்டினால் எப்பிடி இருக்கும்? எனக்கு அந்த இடத்திலயே செத்திடலாம் போல கிடந்தது. மூண்டாம் தரம் எழுதுறேல்லை எண்டு அதுக்கு முதல் நாள்தான் முடிவெடுத்தனான். உனக்குச் சொல்லத்தான் ஸ்ராண்டுக்கு வந்தனான். நீ கதைச்ச கதையில சொல்ல ஏலாமப் போச்சு.

சரி, அது போகட்டும். போகாது, ஆனா இண்டைக்குப் போகட்டும்.

நான் இப்ப சங்கக்கடையிலதான். திறப்பு என்னட்ட. பின்னேரம் போய்த் திறந்து, கூட்டி, கதிரை அடுக்கி, பேர் கூப்பிடுறன். கம்பியூட்டர் வகுப்பும் நான்தான். போன வருஷம் நாங்கள் இருந்த கதிரையளுக்கு முன்னால இப்ப நான் நிக்கிறன், அது ஒரு மாதிரித்தான் இருக்குது. கச்சான் காத்து ஒரேயடியா அடிச்சு, கூட்டக் கூட்டப் புழுதி.

புதுசா றஹ்மா எண்டு ஒரு தோப்பூர்ப் பிள்ளை. இங்க மாமி வீட்டில நிண்டு படிக்கிறாள். ஆள் ஒற்றையாப் போச்சு, சோடி இல்லை. கடைசியில தனிய இருந்துகொண்டு கரும்பலகை தெரியேல்லை எண்டு உன்ர முன்வரிசைக் கதிரையைக் கேட்டவள். அது கால் ஆடுற கதிரை, விழுவாய் எண்டு சொல்லிப்போட்டன். நல்ல கதிரைதான். ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு தெரியேல்லை.

இப்ப விஷயத்துக்கு வாறன். புதுப் பிள்ளையளுக்கு உற்சாகம் வரட்டுமாம், வாசலில உன்ர படத்தோட பெரிய பனர் கட்டப்போறாராம் சேர். கெம்பஸ் வாசலுக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. வெள்ளைக் கோட்டு இருந்தா போட்டுக்கொண்டு நில். லீவுக்கு வரேக்க பிள்ளையளுக்கு முன்னால கதைக்கவும் வேணுமாம்.

உம்மாவைச் சந்தையில கண்டனான். மெலிஞ்சிட்டா. உன்னைப் பற்றிக் கதைக்கேக்க மட்டும் முகம் முழுக்கச் சிரிப்பு.

சுதர்ஷிகா


மாத்தறை
10.08.2025

தர்ஷி,

பனர் வேணாம். சேர்ட்டச் சொல்லு, படம் வேணாம். கட்டிட்டா அவிழ்க்கச் சொல்லு.

பஸ் ஸ்ராண்டில நான் கத்தினது உன்னை நோகடிக்க இல்ல. எனக்கு அண்டைக்குப் பயம். பயத்தில சத்தமாக் கதைக்கிறவள்தானே நான். நீ வருவாய் எண்டு சொன்னாத்தான் எனக்கு பஸ்ஸில ஏறலாம் போல இருந்திச்சு. அவ்வளவுதான் புள்ள.

இப்ப நான் சொல்றதை ஒருத்தருக்கும் சொல்லாத. உம்மாக்கும் வேணாம், சேருக்கும் வேணாம். நான் வகுப்புக்குப் போறதில்ல.

முதல்ல ஒரு நாள் காய்ச்சல், போகல்ல. அடுத்த நாள் ஆராவது ஏன் வரல்ல எண்டு கேப்பாங்க எண்டு, பதிலை இங்கிலீஷில பாடமாக்கிக்கொண்டு போனன். காய்ச்சல், தலையிடி, மருந்து எடுத்தன், இப்ப சுகம். நடந்து போகேக்க வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் போனன். ஒருத்தரும் கேக்கல்ல. மண்டபம் நிறைய ஆக்கள், நான் வந்தனான் எண்டும் தெரியாது, வராம விட்டனான் எண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு போகாம விடுறது லேசாப் போச்சு. கிழமையில ஒருக்காப் போறன். மிச்ச நாள் கட்டிலில கிடந்து முகட்டைப் பார்க்கன். மழை வேற. இங்க இந்த மாசங்கள்லதான் மழை.

எங்கட பிரிவில தமிழ் கதைக்கிற புள்ளைகள் ஒருத்தரும் இல்ல. மத்தப் பிரிவுகள்ல இருக்காங்களாம், எங்க தேடுறது? போனாலும் எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கிறதில்ல. ஒரு நாள் ஒரு புள்ளை வந்து பக்கத்தில நிண்டா. நான் நிமிர்ந்து பார்த்தன். ஒரு நிமிஷம் நிண்டிட்டுப் பின்னால போயிட்டா. என்ர முக்காடுதான் காரணம் போல. வாயால ஒண்டும் சொல்லல்ல, அப்ப நான் என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்க?

ஞாபகம் இருக்கா, ரெண்டு மாரிக்கு முன்ன எனக்குக் காய்ச்சல் வந்து நான் வராம விட்ட அண்டைக்கு, கொட்டுற மழையில பாலத்தால பஸ் பிடிச்சு வந்து எங்கட வாசலில நிண்டாய்? உம்மா துவாய் தந்து, என்ர சட்டையைத் தந்து, நீ அதைப் போட்டுக்கொண்டு என்ர கட்டிலில ஏறி இருந்து சிறுநீரகம் முழுப் பாடத்தையும் வாசிச்சாய். எனக்கு அண்டைக்கு உன்னில பத்திக்கொண்டு வந்திச்சு. காய்ச்சல்காரியைப் படுக்க விடுறாளில்ல எண்டு. இப்ப கதவைத் தட்ட ஒரு ஆள் வராதா எண்டு காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கன்.

சங்கக்கடை என்னை இந்த வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டிச்சு. உள்ளுக்கு வந்து என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்ல.

நான் வீட்டுக்கு வந்திரப் போறன். என்னை ஏசாத.

ரிப்கா


பாலையூற்று
23.08.2025

ரிப்கா,

ஏசாத எண்டு எழுதினாய். ஏசுவன். ஏசத்தான் இருக்கிறன்.

வெக்கமில்லையோடி உனக்கு? நீ கட்டிலில கிடந்து முகட்டைப் பார்க்கிற அந்த இடத்துக்குப் போக நான் ரெண்டு வருஷம் நித்திரை முழிச்சனான். தலைகீழா நிண்டும் கிடைக்கேல்லை. உனக்குக் கிடைச்சது. கிடைச்ச இடத்தைப் பிடிக்காத கறி மாதிரித் தட்டில ஒதுக்கி வைக்கப் போறியோ? பக்கத்தில இருக்க ஆளில்லையாம். எனக்கு மட்டும் இங்க ஆர் இருக்கினம்? நீ போன பிறகு நான் கதைக்கிறது கதிரையளோடதான். பிள்ளையள் என்னை 'மிஸ்' எண்டுதுகள். போன வருஷம் என்னோட ஒண்டாப் படிச்சதுகளும் மிஸ் எண்டு தள்ளி நிக்குதுகள். வீட்டில அம்மா ஒரு மூலை, நான் ஒரு மூலை. ரீவி மட்டும் கதைக்கும்.

பனர் கட்டியாச்சு. நீ படம் அனுப்பாட்டில் விடுவாரோ அவர், பிரியாவிடையில எடுத்த படத்தைப் பெருப்பிச்சுப் போட்டிட்டார். என்னையும் உன்னையும் சேர்த்து எடுத்த படம். என்னை வெட்டிப்போட்டினம். உன்ர தோளில என்ர கை மட்டும் மிஞ்சிக் கிடக்குது. ஒவ்வொரு பின்னேரமும் என்ர கைக்குக் கீழ நிண்டு நான் பூட்டுத் திறக்கிறன். இதை விட வேற என்ன வேணும் எனக்கு?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் இங்க நிக்க, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவாய், நான் ஸ்ராண்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும். வரமாட்டன். அண்டைக்குக் கை தட்டின ஆக்களுக்கு நீயே பதில் சொல்லு. உன்ர வாப்பா போட் கரைக்கு வந்த உடன ஆரைக் கண்டாலும் "மகள் கெம்பஸில" எண்டுதான் தொடங்குறார். அவருக்கும் நீயே சொல்லு.

நீ வந்திட்டாய் எண்டால் அந்த பனரை நான்தான் கழட்ட வேணும். அதை என்னால செய்ய ஏலாது ரிப்கா.

கோவத்தில எழுதிறன். அனுப்பாம வைச்சா நாளைக்கு அனுப்பமாட்டன், அதால இப்பவே தபால்பெட்டியில போடுறன்.

சுதர்ஷிகா


மாத்தறை
07.09.2025

சுதர்ஷிகா,

கடிதம் கிடைச்சிச்சு.

நீ சொன்னது சரி. உனக்குக் கிடைக்காத இடத்தில நான் இருக்கன். அது எனக்குத் தெரியாம இல்ல. மண்டபத்துக்குள்ள போன ஒவ்வொரு நாளும் தெரியும்.

இந்த மாச முடிவோட அறைத் திறப்பை போர்டிங் வீட்டு அன்ரியிட்டக் குடுத்திட்டு வெளிக்கிடுறன். சொல்லிட்டன், அவவும் சரி எண்டிட்டா. ஊருக்கு வந்து உங்களை ஒருத்தரையும் கரைச்சல்படுத்த மாட்டன். கொழும்பில சாச்சி வீட்டில நிண்டு கடையொண்டில வேலை பார்ப்பன். வாப்பாக்கு நான் மெல்லச் சொல்லிக்கொள்வன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போறன். கடைசி வரைக்கும் போனன் எண்டு வாப்பாட்டப் பொய்யில்லாமச் சொல்லோணும், அதுக்குத்தான்.

நீ ஸ்ராண்டுக்கு வரத் தேவையில்ல. இனி எழுதவும் தேவையில்ல.

றஹ்மாக்கு அந்தக் கதிரையைக் குடு. அது ஆடுற கதிரை இல்ல எண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ரிப்கா


மாத்தறை
18.09.2025

என்ர ரிப்கா,

மேல ஊர்ப் பேரைப் பார்த்தியோ? பிழையா எழுதேல்லை. நான் மாத்தறையிலதான் இருக்கிறன். உன்ர போர்டிங்குக்கு முன்னால இருக்கிற சின்னத் தேத்தண்ணிக் கடையில, கொப்பித்தாள் வாங்கி இதை எழுதுறன். எழுதி, பார்சலோட சேர்த்து உன்ர அன்ரியிட்டக் குடுத்திட்டுப் போயிடுவன். நீ இதை வாசிக்கேக்க நான் பஸ்ஸில இருப்பன். ஏசாத. இப்ப உன்ர முறைதான், எண்டாலும் முழுக்க வாசிச்சிட்டு ஏசு.

உன்ர கடைசிக் கடிதம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை. சேர் பேர் கூப்பிடுற கொப்பியைத் தந்திட்டுப் போக, வராத பிள்ளையளின்ர சோடியளைப் பார்த்து "உன்ர சோடி எங்க, வகுப்பு முடிய ஓடு, போய்ப் பார்" எண்டு கத்திறன். கத்திப்போட்டுத்தான் யோசிச்சன். என்ர சோடி எத்தினை நாளா வகுப்புக்குப் போகேல்லை? நான் எங்க போனனான்? கடிதத்தில ஏசிக்கொண்டு வீட்டில இருந்தனான்.

அம்மா துள்ளினா. குமர்ப்பிள்ளை தனிய மாத்தறைக்கோ எண்டு. துள்ளிப்போட்டு விடிய எழும்பிப் புட்டவிச்சுக் கட்டித் தந்தா. கிண்ணியாவுக்குப் போய் உன்ர உம்மாட்ட, சும்மா பார்க்கப் போறன், ஏதும் குடுத்துவிடப் போறியளோ எண்டு கேட்டன். "நில்லு புள்ள, நானும் வாறன்" எண்டு உம்மா முக்காட்டை எடுத்துப் போட்டிட்டா! மறிச்சுப் பிடிக்கப் பட்ட பாடு. மாசிச் சம்பலும் கருவாடும் தொதலும் தந்திருக்கிறா. நான் ஒண்டும் சொல்லேல்லை, பயப்பிடாத.

இரவு பஸ்ஸில வெளிக்கிட்டு, கொழும்பில மாறி இங்க வந்து கதவைத் தட்டினா, நீ இல்லை. அன்ரி எழுதுற மாதிரி விரலால காட்டி, கெம்பஸ் பக்கம் கையைக் காட்டினா. கேற்றில நிண்ட சேக்கியூரிட்டி மறிச்சார். எனக்குத் தெரிஞ்ச ஒரேயொரு சிங்களச் சொல் 'யாளுவா' தானே, சிநேகிதி எண்டு. அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டார். மண்டபத்தைக் கண்டுபிடிச்சன். பக்கத்தில நீட்டுக்குக் கண்ணாடி சன்னல். கடைசிக்கு முதல் வரிசையில நீ.

மெலிஞ்சிட்டாய். உம்மா மாதிரியே.

பக்கத்துக் கதிரையில உன்ர நீலப் பை. நான் முதல் அதைப் பெரிசா எடுக்கேல்லை. பாடம் தொடங்கிக் கொஞ்சம் செல்ல, ஒரு பிள்ளை நனைஞ்ச குடையோட ஓடி வந்தாள். இடம் தேடினாள். நேரா உன்னட்டத்தான் வந்தாள் ரிப்கா. வந்து நிண்டு பையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். நீ தலையைக் குனிஞ்சுகொண்டு பையை ஒரு கையால பிடிச்சுக்கொண்டாய். அவள் பேசாமப் பின்னால போய்ச் சுவரோட சாய்ஞ்சு நிண்டாள். அதுக்குப் பிறகும் ஒருத்தி வந்தாள், அதே கதைதான்.

முக்காடு இல்லையடி. பை. பை வைச்ச கதிரையில ஆர் வந்து இருப்பினம்? அந்தக் கதிரைக்கு ஆள் இருக்குது எண்டுதானே எவரும் நினைப்பினம்? சங்கக்கடையில எங்களுக்கு அதைத்தானே சேர் படிப்பிச்சவர். இங்க ஒருத்தருக்கும் அந்தச் சட்டம் தெரியாமலே அதின்படி நடக்கினம். நல்ல பிள்ளையள். அதால இருக்காமப் போகினம்.

பிறகுதான் எனக்கு உறைச்சது. நீ பஸ் ஸ்ராண்டில சும்மா சொல்லேல்லை. கதிரை பிடிச்சு வைக்கிறன் எண்டாய், பிடிச்சு வைச்சிருக்கிறாய். இவ்வளவு மாசமும். நான் உன்னைப் புளொக் பண்ணிப்போட்டு ஊரில இருந்து ஏச, நீ எனக்கு இடம் பிடிச்சுக்கொண்டு தனிய இருந்திருக்கிறாய். அந்தச் சன்னலுக்கு வெளியில நிண்டு நான் அழுத அழுகையை, அங்கால போன ஒரு சேர் நிண்டு பார்த்திட்டுப் போனார்.

கேள். நான் அந்தக் கதிரைக்கு வரமாட்டன். அடுத்த வருஷமும் வரமாட்டன், அதுக்கடுத்த வருஷமும் வரமாட்டன். இதை உன்னட்ட நேர சொல்ல வேணும் எண்டு பஸ் ஸ்ராண்டுக்கு வந்தனான், இப்பதான் சொல்லுறன். நான் மின்னிணைப்பு வேலைப் பயிற்சிக்குப் போறன். தை மாசம் தொடங்குது. வயர் இழுக்கிறது, பூட்டுறது, எனக்கு விருப்பம் எண்டு உனக்குத் தெரியும், சங்கக்கடை முகட்டு ஃபான் பழுதானால் நான்தானே ஏறுறனான். கரண்ட் அடிச்சவளை ஆர் கட்டுவினம் எண்டு அம்மா ஒப்பாரி வைக்கிறா. சேர் ஓம் எண்டிட்டார். நான் அழுதுகொண்டு போகேல்லை ரிப்கா, உண்மையாத்தான் போறன். கெம்பஸ் எண்டால் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நோகும். நொந்தா நோகட்டும். உனக்குப் பக்கத்துக் கதிரை அதுக்காகச் சும்மா கிடக்க வேண்டாம்.

பையை எடு. கீழ வை, மடியில வை, என்னத்தையெண்டாலும் செய். அந்தக் குடைக்காரி இருக்கட்டும். மாச முடிவுக்கு முதல் எடு. எடுத்துப் பார்த்தும் ஒருத்தரும் வரேல்லை எண்டால் திறப்பைக் குடுத்திட்டு வா, நான் ஸ்ராண்டில நிப்பன். சத்தியமா நிப்பன், ஒரு சொல் ஏசமாட்டன்.

உள்ளுக்கு வந்து உன்னைக் கூப்பிட எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமோ? கதவடி மட்டும் வந்தனான். உனக்கு முன்னால நான் வந்து நிண்டால் நீ அழுவாய், நானும் அழுவன், பின்னேரம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில ஏறியிடுவம். எனக்கு என்னில நம்பிக்கையில்லை. அதால போறன். சோடி வகுப்பில இருந்தால் தேடி வந்தவள் திரும்பிப் போகவேணும், அதுவும் எங்கட சட்டம்தானே.

றஹ்மாவுக்கு உன்ர கதிரையைக் குடுத்திட்டன். ஆடேல்லையே மிஸ் எண்டு கேட்டாள். திருத்திப்போட்டன் எண்டன். பனர் கச்சான் காத்துக்குக் கிழிஞ்சு போச்சு, இனி அந்தக் கவலையும் இல்லை. புளொக்கை இப்ப எடுக்கமாட்டன். அந்தப் பிள்ளையோட ஒருக்காக் கதைச்சிட்டு எனக்கு எழுது. அண்டைக்கு எடுக்கிறன்.

தேத்தண்ணி ஆறிப்போச்சு. மழை இருட்டிக்கொண்டு வருது. உம்மான்ர சம்பலைத் தனியத் தின்னாத.

உன்ர
தர்ஷி


மாத்தறை
30.09.2025

எருமைமாடே,

அன்ரி பார்சலைத் தந்தா. மாசிச் சம்பல் மணத்த உடன எனக்கு விளங்கிட்டு. கடிதத்தைப் பாதிதான் வாசிச்சன், செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்ராண்டுக்கு ஓடினன். கொழும்பு பஸ் எல்லாத்திலயும் ஏறி ஏறிப் பார்த்தன். கண்டக்டர் ஒருத்தர் ஏசியும் போட்டார். நீ போயிட்டாய். இவ்வளவு தூரம் வந்து கண்ணாடிக்குள்ளால பார்த்திட்டுப் போறவளை என்ன செய்தா தகும்? அந்த ஸ்ராண்டிலயே குந்தி இருந்து மிச்சத்தை வாசிச்சன். வாசிச்சு முடிக்கவும் மழை தொடங்கிச்சு.

அடுத்த நாள் பையை எடுத்து மடியில வைச்சன். அண்டைக்கு ஒருத்தரும் வரல்ல. பை இருந்தா நீ வருவாய் எண்டு ஒரு நினைப்பு இருந்திச்சு. வெறுங் கதிரையைப் பார்க்கப் பார்க்க, நீ இனி வரமாட்டாய் எண்டது பக்கத்தில வந்து குந்திக்கொண்ட மாதிரி இருந்திச்சு. பையைத் திருப்பி வைக்க ரெண்டு தரம் கை போச்சு. வைக்கல்ல.

திங்கக்கிழமை குடைக்காரி வந்தா. நிண்டா, கதிரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினன். இருந்தா. பேர் தினூஷி. அவவுக்கும் இங்கிலீஷ் ஓடல்லயாம் புள்ள! காலி மாவட்டத்தில ஏதோ உள்ளூர்ப் பள்ளிக்கூடமாம், முழுக்கச் சிங்களத்திலதான் படிச்சவவாம். நான் எழுதித் தவறவிட்ட மீன் பேர் அவவிட்ட இருந்திச்சு, அவ தவறவிட்டது என்னட்ட இருந்திச்சு. ரெண்டு பேரும் கொப்பியை மாத்திக்கொண்டம். நேத்து நான் பிந்திப் போனன், ஏன் எண்டு கேட்டா. கேட்டா தர்ஷி! எனக்குப் பதில் மறந்து போச்சு.

இண்டைக்கு மாச முடிவு. திறப்பு என்னட்டத்தான் இருக்கு. அன்ரி கேட்டா, போகல்ல எண்டு கையை ஆட்டிக் காட்டினன், சிரிச்சிட்டுப் போயிட்டா. இன்னும் பயம்தான், இன்னும் பின்னேரத்தில முகட்டைப் பார்க்கன். போகாம விடமாட்டன்.

முதல் நாள் தினூஷி அந்தக் கதிரையைத் தொட்டுக் காட்டி, இது ஆருக்குப் பிடிச்சு வைச்ச இடம் எண்டு கேட்டா. யாளுவா எண்டன். எங்க அவ எண்டா. இங்க வந்து நான் படிச்ச சிங்களம் கொஞ்சம்தான், எண்டாலும் அதுக்குப் போதுமா இருந்திச்சு. வந்திட்டுப் போயிட்டா எண்டு சொன்னன்.

ரிப்கா